ரேமில் ஏற்றியும் குவரி நகரவில்லையா? அறிகுறி பார்த்து எஸ்க்யூலைட்டைச் சரிசெய்வது

மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பில்லிங் மென்பொருளைச் சில காலம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் ஸ்கேனர் ஒருமுறை ‘பீப்’ என்றால் உள்ளே நாலைந்து குவரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, ஓடும். பொருளின் பெயர், இன்றைய விலை, அந்த வாடிக்கையாளருக்கான தள்ளுபடி, ஜிஎஸ்டி விகிதம், கையிருப்பு. பண்டிகைக்கு முந்தின வாரம் எல்லாக் கவுண்டரிலும் கூட்டம் சேர்ந்தபோது திரை நின்று நின்று நகர்ந்தது. எல்லாவற்றையும் ரேமில் போட்டுவிட்டால் பறக்கும் என்று முடிவு கட்டி, அந்த மென்பொருளின் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டை மெமரி முறைக்கு, அதாவது டேட்டா முழுக்க ரேமிலேயே இருக்கும் முறைக்கு மாற்றினோம். பறக்கவில்லை. சில திரைகள் முன்பைவிட மெதுவாகின.

காரணம் பிறகு தெரிந்தது. வன்தட்டில் இருக்கும் டேட்டாபேஸ் கோப்பை அடிக்கடி படித்தால், அதன் பக்கங்களை இயக்குதளமே ரேமில் வைத்துக்கொள்ளும். வாசிப்பு என்ற அளவில் நீங்கள் ஏற்கெனவே ரேமில்தான் இருக்கிறீர்கள். மெமரி முறை நிஜமாகவே மிச்சப்படுத்துவது எழுதும்போது. ஒவ்வொரு கமிட்டுக்கும் (எழுதியதை உறுதிசெய்யும் கட்டம்) தட்டில் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்கும் நேரம் அதில் கிடையாது. ஆகவே உங்கள் சுமை முழுக்க வாசிப்பு என்றால், குற்றவாளி பெரும்பாலும் தட்டு அல்ல; வேறு எங்கோ இருக்கிறது. அந்த வேறு எங்கோ எது என்று அறிகுறியை வைத்துத் தேடும் வழிதான் கீழே. எஸ்க்யூலைட்டை வைத்தே சொல்கிறேன், எனக்குக் கை பழகியது அதுதான். ஜாவாக்காரர்களுக்காக ஹெச்2 என்ற டேட்டாபேஸ் பற்றியும் ஓரிரு இடத்தில் வரும்.

முதலில் தராசைப் பாருங்கள்

அறிகுறி என்று நினைப்பதில் பாதி, அளந்த விதத்தின் கோளாறு. ஒரே பொருள் எண்ணை லட்சம் தடவை கேட்டுவிட்டு ‘அட, என்ன வேகம்’ என்று மகிழ்ந்தால் பயனில்லை. அந்த நாலைந்து பக்கங்கள் சிபியு கேஷிலேயே உட்கார்ந்திருக்கும். கூட்டமான ஒரு நாளின் லாகை எடுத்து, வந்த வரிசையிலேயே திரும்ப ஓட்டுங்கள். ஓடாத சரக்கு, இல்லாத பார்கோடு, தப்பாகத் தட்டிய எண் எல்லாம் அதில் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

அடுத்தது, குவரியைத் தயார் செய்வதையும் ஓட்டுவதையும் பிரித்து அளக்க வேண்டும். எஸ்க்யூஎல் வாக்கியத்தைப் பிரித்துப் படித்துத் திட்டம் போடும் ‘பிரிப்பேர்’ வேலை, பிரைமரி கீயை (ஒரு பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் புலம்) வைத்து ஒரே ஒரு பதிவை எடுக்கும் வேலையைவிடக் கூடுதலாகவே செலவு வைக்கலாம். மதிப்பை வாக்கியத்துக்குள் எழுத்தாக ஒட்டிக் குவரி தயாரிக்கிறவர்கள் ஒவ்வொரு ‘பீப்’புக்கும் இந்தச் செலவைக் கட்டுகிறார்கள். ஒருமுறை தயார் செய்து, மதிப்பை மட்டும் மாற்றி மாற்றி பைண்ட் செய்யுங்கள், அதாவது வாக்கியத்தில் விட்ட காலி இடத்தில் பொருத்துங்கள். உள்ளிடும் எழுத்தே கட்டளையாக ஓடிவிடும் எஸ்க்யூஎல் இஞ்ஜெக்‌ஷன் தொல்லையும் அதோடு ஒழியும்.

ஒரு கணக்கும் போட்டுவிடுங்கள். குவரி ஒன்றுக்கு 2 மில்லிசெகண்ட் சிபியு வேலை, நாலு கோர் உள்ள கணினி என்றால், செகண்டுக்கு 2000 குவரிக்கு மேல் எந்த மந்திரத்தாலும் வராது. உங்களுக்கு 5000 வேண்டும் என்றால் குவரியின் செலவைத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று, இது நிரலுக்குள்ளேயே ஓடும் டேட்டாபேஸ். தனி சர்வர் கிடையாது. சோதனைச் சுமையை உருவாக்கும் நிரலும் அதே கணினியில் ஓடினால், அது தின்னும் சிபியுவும் டேட்டாபேஸின் கணக்கில்தான் விழும்.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நூறில் 99 குவரி எத்தனை மில்லிசெகண்டுக்குள் முடிகிறது என்று பாருங்கள். கவுண்டரில் நிற்கிறவருக்கு எரிச்சல் மூட்டுவது அந்த மிச்சம் ஒன்றுதான்.

அறிகுறி: ‘நோ சச் டேபிள்’. இப்போதுதானே உருவாக்கினேன்?

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘:மெமரி:’ என்று கொடுத்தால், ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனித்தனி டேட்டாபேஸ் பிறக்கும். கனெக்‌ஷன் பூல் (திறந்த கனெக்‌ஷன்களைச் சேர்த்துவைத்துப் பகிரும் ஏற்பாடு) வைத்திருந்தால், முதல் கனெக்‌ஷன் டேபிளை உருவாக்கும். இரண்டாவது கனெக்‌ஷனுக்குக் கிடைப்பது வெறும் காலி வீடு. மதியம் வரை நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று இதே பிழை வருகிறதா? சும்மா இருக்கும் கனெக்‌ஷனைப் பூல் மூடியிருக்கும். கனெக்‌ஷன் போனால் டேட்டாவும் போயிற்று.

பல கனெக்‌ஷன்கள் ஒரே மெமரி டேட்டாபேஸைப் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கனெக்‌ஷன்கள் ஒரே கேஷைப் பகிரும் பழைய ஷேர்டு கேஷ் முறை. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஸ்க்யூலைட் ஆவணமே சொல்கிறது; ஏன் என்று பூட்டுப் பகுதியில் பார்ப்போம். இன்னொன்று ‘மெம்டிபி’ என்ற விஎஃப்எஸ், அதாவது எஸ்க்யூலைட் கோப்புகளைத் தொடும் அடுக்கு. 2021இல் வந்த 3.36.0 பதிப்பிலிருந்து, பெயரைச் சாய்கோட்டில் தொடங்கினால் அதே நிரலுக்குள் இருக்கும் எல்லாக் கனெக்‌ஷனும் ஒன்றையே பகிரும். எந்த வழியில் போனாலும், நிரல் தொடங்கும்போது ஒரு கனெக்‌ஷனைத் திறந்து பூலுக்கு வெளியே வைத்துவிடுங்கள். அது எந்தக் குவரியும் ஓட்ட வேண்டாம், காவலுக்கு இருந்தால் போதும். ஹெச்2விலும் இதே கதைதான். கடைசிக் கனெக்‌ஷன் மூடினால் மெமரி டேட்டாபேஸ் அழியும். இணைப்பு முகவரியில் டிபி குளோஸ் டிலே என்பதற்கு மைனஸ் 1 கொடுத்தால் ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் இருக்கும்வரை நிற்கும்.

அறிகுறி: மெமரிக்கு மாற்றியும் அதே வேகம், அல்லது இன்னும் மெதுவு

எங்களுக்கு நடந்தது இதுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டேட்டாவை எப்படி ஏற்றினீர்கள் என்பது. கோப்பை ‘அட்டாச்’ செய்து, ‘கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட்’ என்று ஒரே வரியில் மெமரிக்கு நகல் எடுத்தீர்களா? நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். அந்த வாக்கியம் பதிவுகளை மட்டும்தான் நகலெடுக்கும். இண்டெக்ஸ், அதாவது பதிவை நேரே தேடித் தரும் அட்டவணை, வராது. பிரைமரி கீ வராது. ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடும் வராது. ஒவ்வொரு ‘பீப்’புக்கும் டேபிளை முதல் பதிவிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருந்தோம், அதுவும் பெருமையாக ரேமில். எண்ணிக்கை சரிபார்த்தால் பதிவுகள் அத்தனையும் இருக்கும், விடையும் சரியாக வரும், ஆகவே சந்தேகமே வராது.

சரியான வழி, பேக்கப் ஏபிஐ. கோப்பிலிருந்து மெமரிக்குப் பக்கம் பக்கமாக அப்படியே நகலெடுக்கும். இண்டெக்ஸ், கட்டுப்பாடுகள், புள்ளிவிவர டேபிள் எல்லாம் கூடவே வரும். பைத்தானில் கனெக்‌ஷன் மேலேயே பேக்கப் என்ற மெத்தட் உண்டு, ஒரு வரி வேலை.

அதைச் செய்த பிறகும் மெதுவு என்றால், மெதுவான குவரிக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெயின் குவரி பிளான்’ சேர்த்து ஓட்டுங்கள். வரும் விடையில் பார்க்க வேண்டிய சொற்கள் நாலுதான்.

‘ஸ்கேன்’ என்று வந்தால் அந்த டேபிளை முழுக்கப் படிக்கிறது. ‘சர்ச்’ என்று வந்தால் இண்டெக்ஸோ கீயோ வைத்து நேரே போகிறது. பத்து லட்சம் பதிவுள்ள டேபிளில் சர்ச் என்பது மூன்று நான்கு பக்கம் இறங்கும் வேலை. ஸ்கேன் என்பது பத்து லட்சத்தையும் தொடும் வேலை. இந்த வித்தியாசத்தை எந்த ரேமும் நிரப்பாது. நூறு பதிவுள்ள ஜிஎஸ்டி டேபிளில் ஸ்கேன் வந்தால் விட்டுவிடுங்கள், அது பரவாயில்லை.

‘ஆட்டோமேட்டிக் இண்டெக்ஸ்’ என்று வந்தால், ஜாயினுக்கு (இரண்டு டேபிளை இணைப்பதற்கு) ஏற்ற இண்டெக்ஸ் இல்லாததால் குவரி ஓடும்போது தானாக ஒன்றைக் கட்டி, முடிந்ததும் எறிந்துவிடுகிறது. ஒரு தடவைக்குச் சரி. செகண்டுக்கு ஐநூறு தடவை ஓடும் குவரியில் வந்தால், ஐநூறு தடவை இண்டெக்ஸ் கட்டி இடிக்கிறீர்கள். அதே புலத்தில் நிரந்தர இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள்.

‘டெம்ப் பீ-ட்ரீ ஃபார் ஆர்டர் பை’ வந்தால், விடையைத் தனியே வரிசைப்படுத்துகிறது. கடைசி 10 பில்லைக் காட்டு என்ற குவரி, அந்த வாடிக்கையாளரின் பில்கள் அத்தனையையும் படித்து, வரிசைப்படுத்தி, அதில் பத்தைத் தருகிறது என்று பொருள். வாடிக்கையாளர் எண், தேதி என்ற வரிசையில் கூட்டு இண்டெக்ஸ் ஒன்று இருந்தால், வரிசைப்படுத்தும் வேலையே இல்லாமல் பத்தைப் படித்து நின்றுவிடும். புலங்களின் வரிசை முக்கியம். தேதி முன்னாலும் வாடிக்கையாளர் பின்னாலும் இருந்தால் இந்தக் குவரிக்கு அந்த அளவு உதவாது.

இண்டெக்ஸ் இருந்தும் ஸ்கேன் வருகிறதா? புலத்தின் மேல் ஃபங்ஷன் ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பில் நேரத்தை ‘டேட்’ ஃபங்ஷனுக்குள் போட்டு இன்றைய தேதியோடு ஒப்பிட்டால், வெறும் நேரப் புலத்தில் போட்ட இண்டெக்ஸ் பயன்படாது. ‘இன்று காலை 0 மணிக்குச் சமம் அல்லது மேல், நாளை 0 மணிக்குக் கீழ்’ என்று எழுதினால் பயன்படும்.

தப்பான இண்டெக்ஸை எடுக்கிறது என்றால் ‘அனலைஸ்’ ஓட்டுங்கள். புள்ளிவிவரம் இல்லாதபோது, சமம் என்ற நிபந்தனைக்கு ஒரு இண்டெக்ஸின் முதல் புலம் சுமார் 10 பதிவைத் தரும் என்று எஸ்க்யூலைட் குருட்டாம்போக்கில் வைத்துக்கொள்கிறது. ‘விற்பனையில் உள்ளது, ஆம் அல்லது இல்லை’ போன்ற புலத்தில் யாராவது இண்டெக்ஸ் போட்டிருந்தால், பாதி டேபிளைத் தரும் அதையும் பத்துப் பதிவுக்கான வழி என்று நம்பிவிடும். மெமரி டேட்டாபேஸை ஒவ்வொரு முறையும் இன்செர்ட் போட்டுக் கட்டுகிறவர்கள், டேட்டா ஏற்றி முடித்த பிறகு அனலைஸ் ஓட்ட மறக்கக்கூடாது. முந்தின தடவை எடுத்த புள்ளிவிவரம் முந்தின டேட்டாபேஸோடு போய்விட்டது.

எஸ்க்யூலைட் கட்டளைத் திரையில் ‘.எக்ஸ்பர்ட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அடுத்து வரும் குவரிக்கு எந்த இண்டெக்ஸ் போடலாம் என்று அதுவே யோசனை சொல்லும். சொன்னதை எல்லாம் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு இண்டெக்ஸும் எழுதும்போது செலவு, ரேமிலும் இடம்.

இங்கே ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பில்லில் 40 பொருள் இருந்தால் 40 சின்னக் குவரி ஓடுகிறது, இதுதான் மெதுவுக்குக் காரணம் என்று சிலர் உடனே ஒரு ராட்சத ஜாயின் எழுதத் தொடங்குவார்கள். அந்தப் பயம் நெட்வொர்க் தாண்டி இருக்கும் சர்வர்களுக்கு உரியது. இங்கே குவரி என்பது ஒரு ஃபங்ஷன் கால். எஸ்க்யூலைட் எழுதியவர்களின் சொந்த வலைத்தளமே ஒரு பக்கத்துக்கு இருநூறு குவரி கணக்கில் ஓட்டுகிறது. ஒவ்வொன்றும் சர்ச் ஆக இருந்தால் 40 பெரிய விஷயமே இல்லை. நடுவில் ஓஆர்எம் (பதிவுகளை நிரலின் ஆப்ஜெக்ட்டுகளாக மாற்றும் நூலகம்) ஒன்று ஒவ்வொரு பதிவுக்கும் கனமான ஆப்ஜெக்ட் கட்டுகிறதா என்பதை வேண்டுமானால் பாருங்கள்.

அறிகுறி: திரெட்டைக் கூட்டினாலும் வேகம் கூடவில்லை

ஒரு திரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலை இழையில்) செகண்டுக்கு எத்தனை குவரி வந்ததோ, எட்டுத் திரெட்டிலும் கிட்டத்தட்ட அதே எண். சில நேரம் குறைவு.

எல்லாத் திரெட்டும் ஒரே கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவா? எஸ்க்யூலைட் வழக்கமாக ‘சீரியலைஸ்டு’ முறையில் தொகுக்கப்படும். ஒரு கனெக்‌ஷனைப் பல திரெட் தொடலாம், தப்பாகாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் உள்ளே போகும். ரேஷன் கடையில் எட்டுப் பேர் நின்றாலும் எடை போடுகிற தராசு ஒன்றுதான். திரெட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் என்று பிரியுங்கள்.

பிரித்த பிறகும் நகரவில்லை என்றால், அதிகம் பேர் கவனிக்காத ஒரு பூட்டு இருக்கிறது. எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறோம் என்று எஸ்க்யூலைட் கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கு நிரல் முழுமைக்கும் ஒன்று. எந்தக் கனெக்‌ஷன் மெமரி கேட்டாலும் அந்தக் கணக்கின் பூட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகும். திரெட் குறைவாக இருக்கும்போது தெரியாது, கூடும்போது உறைக்கும். ‘மெம்ஸ்டேட்டஸ்’ என்ற அமைப்பை 0 ஆக்கினால் அந்தக் கணக்கு நிற்கும், பூட்டும் போகும். எந்தக் கனெக்‌ஷனையும் திறப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பிறகு செய்தால் எடுபடாது.

பைத்தான் என்றால் இன்னொரு தடை. குவரி ஓடும் நேரத்தில் எஸ்க்யூலைட் தொகுப்பு ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் பூட்டை விட்டுக்கொடுக்கும். ஆனால் கிடைத்த பதிவுகளைப் பைத்தான் டப்பிள்களாக மாற்றும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆயிரம் பதிவு தரும் குவரியில் நேரம் போவது பெரும்பாலும் அந்த மாற்றத்தில். அப்போது திரெட்டுக்குப் பதில் தனித்தனி பிராசஸ் (தனியாக ஓடும் நிரல்) வேண்டும். தனிப் பிராசஸ் என்றால் மெமரி டேட்டாபேஸைப் பகிர முடியாது.

அந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த குறுக்குவழி. லினக்ஸில் தேவ் எஸ்எச்எம் என்ற அடைவு முழுக்க ரேமில் இருப்பது. சாதாரணக் கோப்பு டேட்டாபேஸை அங்கே வையுங்கள். எஸ்க்யூலைட்டுக்கு அது ஒரு கோப்பு; ஆகவே பல பிராசஸ், பல கனெக்‌ஷன், வால் முறை (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிவைக்கும் முறை) எல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும். மெமரி டேட்டாபேஸ் வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். நிரலைக் கண்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டாக்கருக்குள் ஓட்டினால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கே அந்த அடைவின் அளவு தானாக 64 எம்பிதான். கண்டெய்னர் தொடங்கும்போதே கூட்டிக் கொடுக்க வேண்டும்.

விலைப்பட்டியல் மாதிரி சின்ன, அரிதாக மாறும் டேட்டா என்றால் திரெட்டுக்கு ஒரு தனி நகலே வைத்துவிடலாம். 40 எம்பி பட்டியல், எட்டுத் திரெட், மொத்தம் 320 எம்பி. பூட்டு என்ற பேச்சே இல்லை. விலை மாறும்போது புது நகல் ஒன்றைக் கட்டி, அடுத்த குவரியிலிருந்து அதைப் பிடிக்கச் சொல்லி, பழையதை மூடுங்கள். கடைசியில் நாங்கள் போய் நின்றது இங்கேதான். விலையும் வரியும் நகலில், கையிருப்பும் பில்லும் கோப்பில்.

அறிகுறி: பூட்டுப் பிழைகள்

செய்தியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள், இரண்டு வேறு நோய்கள் ஒரே மாதிரி இருமுகின்றன.

‘டேட்டாபேஸ் டேபிள் ஈஸ் லாக்டு’ என்று நடுவில் டேபிள் வந்தால் பிழை எண் 6. மெமரி டேட்டாபேஸில் இது வந்தால் பெரும்பாலும் ஷேர்டு கேஷ் வேலை. அதில் பூட்டு டேபிள் அளவில் விழும். ஒருவர் எழுதி முடிக்கும்வரை அந்த டேபிளை மற்றவர் படிக்கவும் முடியாது. பிஸி டைம்அவுட்டை 5 செகண்ட், 50 செகண்ட் என்று கூட்டிப் பார்த்தும் பயனில்லை என்று புலம்புவார்கள். பயனில்லைதான், இந்தப் பூட்டுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தவே பொருந்தாது, கேட்ட மாத்திரத்தில் பிழை வரும். படிப்பவர் கமிட் ஆகாததையும் படிக்கலாம் என்று ‘ரீட் அன்கமிட்டட்’ கொடுத்துச் சிலர் தப்பிக்கிறார்கள். கையிருப்பு விஷயத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஷேர்டு கேஷை விட்டு வெளியேறுவதுதான் மருந்து.

‘டேட்டாபேஸ் ஈஸ் லாக்டு’ என்று டேபிள் இல்லாமல் வந்தால் பிழை எண் 5. வேறொரு கனெக்‌ஷன் எழுதிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிஸி டைம்அவுட் வேலை செய்யும். கோப்பாக இருந்தால், அது தேவ் எஸ்எச்எம்மில் இருந்தாலும் சரி, வால் முறைக்கு மாற்றுங்கள். படிப்பவர்களும் எழுதுபவர் ஒருவரும் ஒருவரை ஒருவர் தடுக்க மாட்டார்கள். அசல் ‘:மெமரி:’ டேட்டாபேஸில் வால் கிடையாது. மாற்றச் சொன்னால் பிழை எதுவும் தராமல் பழைய முறையிலேயே இருந்துவிடும். மாறியதா என்று அது திருப்பித் தரும் சொல்லைப் பாருங்கள்.

வால் வைத்து, டைம்அவுட்டும் வைத்து, அப்படியும் சில நேரம் உடனடியாகப் பிழை 5 வருகிறதா? டிரான்சாக்‌ஷனை (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பை) சாதாரண ‘பிகின்’ போட்டுத் தொடங்கி, முதலில் கையிருப்பைப் படித்து, பிறகு குறைக்கிறீர்கள். படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறொருவர் எழுதிவிட்டார். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பழைய நிலவரம், அதன் மேல் எழுத விடமாட்டேன் என்கிறது. எவ்வளவு காத்திருந்தாலும் அந்த டிரான்சாக்‌ஷன் உருப்படாது, ரோல்பேக் செய்து (செய்ததை ரத்து செய்து) திரும்பத் தொடங்கத்தான் வேண்டும். எழுதப் போகிறோம் என்று தெரிந்தால் முதலிலேயே ‘பிகின் இமீடியட்’ போடுங்கள்.

வால் கோப்பு வளர்ந்துகொண்டே போகிறது என்றால், எங்கோ ஒரு கனெக்‌ஷன் படிப்பதைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் நிற்கிறது. 1000 பக்கம் சேர்ந்ததும் தானாகச் செக்பாயிண்ட் (வாலில் இருப்பதை அசல் கோப்புக்கு மாற்றுவது) நடக்க வேண்டும். ஆனால் யாராவது பழைய நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கோப்பை முதலிலிருந்து திரும்பப் பயன்படுத்த முடியாது. பாதியில் விட்ட குவரிகளைத் தேடி ‘ரீசெட்’ செய்யுங்கள்.

அறிகுறி: பதிவு இருக்கிறது, குவரிக்குத் தெரியவில்லை

வேகத்தோடு சம்பந்தம் இல்லாதது போல் தோன்றும். ஆனால் தேடியது கிடைக்காததால் மென்பொருள் அடுத்தடுத்து மாற்றுத் தேடல்களை ஓட்டும். சுமை அங்கே இரட்டிக்கும்.

பொருள் எண் 00417. டேபிளில் 417 என்று கிடக்கிறது. புலத்தின் வகையை ‘ஸ்ட்ரிங்’ என்று எழுதியிருப்பார்கள். எஸ்க்யூலைட்டுக்கு அப்படியொரு வகை தெரியாது. தெரியாத பெயர் என்றால் எண் சார்ந்த புலமாக வைத்துக்கொள்ளும், எண் போலிருக்கும் எழுத்தை எண்ணாக மாற்றி முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கிவிடும். ‘டெக்ஸ்ட்’ என்று எழுத வேண்டும். 3.37.0 பதிப்பிலிருந்து ‘ஸ்டிரிக்ட்’ டேபிள் உண்டு. தெரியாத வகைப் பெயரைக் கொடுத்தால் டேபிளையே உருவாக்க விடாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ்ப் பெயர்கள். கொண்டைக்கடலை என்று தேடினால் வரவில்லை, கண்ணெதிரே பட்டியலில் இருக்கிறது. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியீடாக ஒன்று. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடாக இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான். எஸ்க்யூலைட் பைட்டுகளை ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வேறு வேறு சரக்கு. ஒரு கிளையில் ஒரு கீபோர்டு, இன்னொன்றில் வேறு கீபோர்டு என்றால் இது நிச்சயம் நடக்கும். உள்ளே வரும்போதே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். தேடும் சொல்லையும் அதேபோல் மாற்றுங்கள்.

பெயரின் தொடக்கத்தை வைத்துத் தேடும் ‘லைக்’ குவரியும் மெதுவாக இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத ஒப்பீடு லைக்கினுடையது. சாதாரண இண்டெக்ஸ் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பது. இரண்டும் பொருந்தாததால் ஸ்கேன் ஆகிவிடும். தமிழில் அந்தப் பிரச்சினையே இல்லை என்பதால் ‘குளோப்’ என்று எழுதுங்கள், நட்சத்திரக் குறி கடைசியில் மட்டும் வரட்டும், அதே இண்டெக்ஸ் பயன்படும்.

வரிசைப்படுத்தினால் அகரவரிசை குழம்பும். யூனிகோட் எண்வரிசையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வருகிறது, நம் வரிசையில் அது கடைசி மெய். புள்ளி வைத்த எழுத்து ‘கௌ’வுக்கும் பின்னால் போய் உட்காரும். ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் ஒப்பீட்டைச் சேர்த்தால் வரிசை சரியாகும், ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் செலவும் கூடும். பெயரைச் சேமிக்கும்போதே அகரவரிசைக்கான சாவி ஒன்றைத் தனிப் புலத்தில் கணக்கிட்டு வைத்து, அதில் இண்டெக்ஸ் போடுவது மலிவு.

அறிகுறி: ‘டேட்டாபேஸ் ஆர் டிஸ்க் ஈஸ் ஃபுல்’, அல்லது பிராசஸ் 137 என்று சாகிறது

தட்டே இல்லை, எப்படி நிரம்பும் என்று குழம்ப வேண்டாம். மெம்டிபி வழியிலோ, டேட்டாபேஸின் பைட்டுகளை அப்படியே ரேமில் திறக்கும் டிசீரியலைஸ் வழியிலோ உருவான டேட்டாபேஸுக்குத் தானாக 1 ஜிபி உச்சவரம்பு உண்டு. கம்பைல் செய்யும்போதோ தொடக்க அமைப்பிலோ கூட்டலாம். தேவ் எஸ்எச்எம்மில் வைத்திருந்தால் மேலே சொன்ன 64 எம்பி நிரம்பியிருக்கும்.

137 என்பது 128உம் 9உம். சிக்னல் 9, அதாவது கில். கண்டெய்னரின் ரேம் வரம்பைத் தாண்டியதால் இயக்குதளத்தின் மையமான கர்னல் கொன்றிருக்கும் வாய்ப்புதான் அதிகம். பக்க எண்ணிக்கையைப் பக்க அளவால் பெருக்கினால் டேட்டாபேஸின் அளவு தெரியும். பழைய பதிவுகளை டிலீட் செய்தும் அந்த எண் இறங்காது. காலியான பக்கங்கள் அடுத்த இன்செர்ட்டுக்காகப் பட்டியலில் காத்திருக்கும், இயக்குதளத்துக்குத் திரும்பாது. சுருக்க வேண்டுமானால் ‘வேக்கம்’ ஓட்ட வேண்டும், அதற்கும் தற்காலிகமாகக் கூடுதல் ரேம் வேண்டும்.

ரேம் நிரம்பியும் சாகவில்லை, ஆனால் எல்லாம் ஊர்கிறது என்றால் ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் தட்டு இடம்) பாருங்கள். கோப்பு டேட்டாபேஸின் கேஷ் பக்கங்களைக் கர்னல் தயங்காமல் தூக்கி எறியலாம், அசல் தட்டில் இருக்கிறதே. மெமரி டேட்டாபேஸின் பக்கத்துக்கு அசல் வேறெங்கும் இல்லை, ஸ்வாப்பில் எழுதித்தான் வெளியேற்ற வேண்டும். தட்டைத் தவிர்க்க மெமரிக்குப் போனவர் சுற்றிவளைத்துத் தட்டுக்கே வந்து சேர்வார். ரேம் தட்டுப்பாடு உள்ள கணினியில் கோப்பே மேல். 2 எம்பி என்று இருக்கும் கேஷ் சைஸைக் கூட்டி, கோப்பை ரேம் முகவரியில் நேரே பொருத்தும் எம்மேப் சைஸும் கொடுங்கள்.

அறிகுறி: காலையில் தொடங்கவே நேரம் ஆகிறது

எஸ்க்யூஎல் டம்ப்பை (டேட்டாபேஸைக் கட்டளைகளாக எழுதிய கோப்பு) வாசித்து இன்செர்ட் போடுகிறீர்கள். பேக்கப் ஏபிஐக்கு மாறுங்கள். சிஎஸ்வியிலிருந்துதான் வர வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போட்டு, கீ வரிசையில் நுழைத்து, இண்டெக்ஸைக் கடைசியில் கட்டுங்கள். மாலையில் சேமிக்க ‘வேக்கம் இன்டு’ போதும், 3.27.0 பதிப்பிலிருந்து இருக்கிறது.

அறிகுறி: கவுண்டர் சரி, முதலாளியின் மாத ரிப்போர்ட் மட்டும் திணறுகிறது

எந்தச் சரக்கு, எந்த மாதம், எவ்வளவு லாபம் என்று கோடிப் பதிவுகளைக் கூட்டிப் பார்க்கும் குவரி இது. இண்டெக்ஸ் போட்டு இதைக் காப்பாற்ற முடியாது, எல்லாப் பதிவையும் தொட்டே ஆக வேண்டும். எஸ்க்யூலைட் பதிவு பதிவாகச் சேமிப்பது. இரண்டு புலம் போதும் என்றாலும் பதிவின் பக்கத்தைப் படிக்க வேண்டியிருக்கும். ஜாயினுக்கு அதனிடம் இருப்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் முறை மட்டும். குவரி ஓடுவதும் ஒரே கோரில்.

இதற்கென்றே பிறந்தது டக்டிபி. ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் உருவானது, 1.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தது. இதுவும் நிரலுக்குள்ளேயே ஓடும், இதற்கும் மெமரி முறை உண்டு. புலம் புலமாகச் சேமிக்கும், எல்லாக் கோரையும் பயன்படுத்தும். ஆனால் அவசரப்பட்டுக் கவுண்டரையும் அதற்கு மாற்றிவிடாதீர்கள். ஒரு பார்கோடுக்கு ஒரு பதிவு என்ற வேலைக்கு அது செய்யப்படவில்லை.

இரண்டையும் வைத்துக்கொள்ள டேட்டாவை நகர்த்தவும் வேண்டாம். டக்டிபியின் எஸ்க்யூலைட் இணைப்பை நிறுவி, மாலையில் ‘வேக்கம் இன்டு’ எடுத்த அந்தக் கோப்பை அதில் அட்டாச் செய்து, ரிப்போர்ட்டை அங்கிருந்து ஓட்டுங்கள். மாதக் கணக்கை ஒவ்வொரு நாளும் பத்துத் தடவை பார்க்கிறவராக இருந்தால், அட்டாச் செய்த கையோடு விற்பனை டேபிளை டக்டிபியின் சொந்த டேபிளாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். ‘கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட்’ இங்கே தாராளமாகப் போடலாம்.